ஜார்ஜ் காட்பரி: வழிபாடும் வணிகமும்

நம் நாட்டுக் குழந்தைகள் சாக்கலேட்டுக்கு மறுபெயராகவே வழங்கும் காட்பரி என்னும் சொல் ஒரு குடும்பத்தின் பெயர். இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் நகரில் வாழ்ந்த அக்குடும்பத்தார் வழிபாட்டையும் வணிகத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்து வளர்த்தவர்கள். சமயப்பற்று ஒரு குடும்பத் தொழிலை எவ்வாறு உயர்த்துகிறது, உயர்த்திய பின் அதனிடம் என்ன விலை கேட்கிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு, அக்குடும்பத்தில் தோன்றிய ஜார்ஜ் காட்பரியின் வாழ்வு நல்லதொரு சான்றாகும். இலக்கிய வட்டத்து மலரில் கொக்கோ வணிகருக்கு என்ன இடம் என்று வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். வள்ளுவப் பெருந்தகை வாணிகத்துக்கு இலக்கணம் வகுத்த இடம் அறத்துப்பாலின் நடுவுநிலைமை அதிகாரம் அன்றோ!

ஜார்ஜ் பிறந்தது 1839ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19ஆம் நாள். தந்தையார் ஜான் காட்பரி, தாயார் கேண்டியா. இருவரும் குவேக்கர் என வழங்கப்படும் நண்பர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். இச்சங்கத்தின் இயல்பை அறியாமல் ஜார்ஜின் வாழ்வை விளங்கிக்கொள்ள இயலாது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரின் போதனையால் தோன்றிய கிறித்துவப் பிரிவு இது. குரு இல்லை, பலிபீடம் இல்லை, அவர்களுடைய பழைய முறை வழிபாட்டில் பாட்டும் இல்லை. வெறும் சுவர்களுக்கு நடுவே மௌனமாக அமர்ந்திருப்பதே வழிபாடு. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இறையொளி உண்டென்பது அவர்தம் கொள்கை. ஆதலின் அவர்கள் ஆயுதம் ஏந்துவதில்லை, ஆடம்பரம் கொள்வதில்லை, எப்போதும் உண்மையே பேச வேண்டியவன் தனியே சத்தியம் செய்வானேன் என்று ஆணையிட மறுப்பவர்கள்.

இம்மறுப்புக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. ஆங்கிலத் திருச்சபையை ஏற்று உறுதிமொழி கூறாதவர்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவுகள் நெடுங்காலம் அடைபட்டிருந்தன. 1871ஆம் ஆண்டில்தான் அத்தடை முழுமையாக நீங்கிற்று. ஆணையிட மறுத்ததால் அரசுப் பதவியும் நீதிமன்றத் தொழிலும் எட்டவில்லை. படைத்தொழிலையோ அவர்களே வெறுத்தனர். எஞ்சியது வணிகம். கற்றறிந்த, சிக்கனம் அறிந்த, கள்ளுண்ணாத ஒரு சிறு கூட்டம் முழுவதும் வணிகத்தின்பால் திரும்பினால் என்ன விளையும்? பார்க்லே, லாயிட் ஆகிய பெயர்களில் இன்றும் வழங்கும் வங்கிகளும், பிரிஸ்டலில் பிரை, யார்க்கில் ரௌன்ட்ரீ, பர்மிங்காமில் காட்பரி என மூன்று பெரும் கொக்கோ நிறுவனங்களும் விளைந்தன.

கதவு அடைபட்டதால் மட்டும் செல்வம் சேர்ந்துவிடுமா? சேராது. நண்பர் சங்கத்தின் உள்ளொழுங்கை நாம் கவனிக்க வேண்டும். மாதந்தோறும் கூடும் கூட்டத்தில், வாங்கிய கடனைக் காலத்தில் தீர்க்கிறார்களா, கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருக்கிறார்களா என்று உறுப்பினர்களைப் பற்றி விசாரிப்பது அக்கால மரபு. தகுதிக்கு மிஞ்சிக் கடன்பட்டு ஒருவர் நொடித்துப்போனால் சபையார் அவரை விலக்கிவைத்ததும் உண்டு. கடையில் நொடித்தவன் கோயிலிலும் இடமிழந்தான் என்று சொல்லத்தக்க நிலை இது. இத்தகைய கண்காணிப்பில் உள்ள ஒருவருக்குக் கடன் கொடுக்க எவர் தயங்குவார்? பேரம் பேசாமல் எல்லார்க்கும் ஒரே விலை என்னும் வழக்கத்தை இங்கிலாந்தில் முதலில் ஊன்றியவர்களுள்ளும் குவேக்கர்களே முன்னிற்கின்றனர். ஒரு பொருளுக்கு இரண்டு விலை கூறினால் அவற்றுள் ஒன்று பொய் என்பது அவர்கள் கணக்கு. சிறுபிள்ளையை அனுப்பிப் பண்டம் வாங்கினாலும் ஏமாற்றம் இராது என்று அறிந்த மக்கள் அக்கடைகளையே நாடினர். ஏறத்தாழ 1860ஆம் ஆண்டு வரை சங்கத்துக்கு வெளியே மணம் செய்தவர்களையும் விலக்கிவைத்தனர். ஆகவே முதலும் தொழில் நுட்பமும் உறவு வட்டத்துக்குள்ளேயே சுழன்றன. இதில் குறுகிய மனப்பான்மை இல்லை என்று யான் கூறமாட்டேன். ஆனால் தொழிலுக்கு அது பேருதவியாயிற்று.

ஜான் காட்பரி 1824ஆம் ஆண்டில் பர்மிங்காமின் புல் தெருவில் தேயிலை, காப்பி விற்கும் கடையொன்றைத் திறந்தார். கொக்கோவையும் குடிப்பதற்கேற்ற சாக்கலேட்டையும் உரலில் இடித்துப் பொடியாக்கி விற்றார். தொழிலாளரின் கூலியைச் சாராயக் கடை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. சூடான இனிய பானம் ஒன்று கைக்கெட்டினால் மக்கள் மதுவை விடுவர் என்பது மதுவிலக்கில் உறுதி பூண்ட ஜானின் நம்பிக்கை. 1831ஆம் ஆண்டில் கொக்கோ உற்பத்தியையே தனித்தொழிலாகத் தொடங்கினார். நன்றாக நடந்த தொழில், 1855ஆம் ஆண்டில் கேண்டியா காச நோயால் மறைந்தபின் தளர்ந்தது. ஜானின் உடலும் உள்ளமும் சோர்ந்தன. பள்ளிப் படிப்பை நிறுத்திய ஜார்ஜ், யார்க் நகரில் ரௌன்ட்ரீ குடும்பத்தாரின் மளிகைக் கடையில் சிலகாலம் தொழில் பழகித் திரும்பினார்.

1861ஆம் ஆண்டில் ஜான் தொழிலைத் தம் மக்களிடம் ஒப்படைத்தார். மூத்தவர் ரிச்சர்டுக்கு வயது 25, ஜார்ஜுக்கு 21. தாயார் விட்டுச்சென்ற சொத்திலிருந்து ஆளுக்கு 4,000 பவுன் அவர்கள் கையில் இருந்தது. தொழிலோ நட்டத்தில் கிடந்தது. வேலையாட்களும் சிலரே எஞ்சியிருந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் சகோதரர்களின் முதலும் கரைந்தது. ஜார்ஜ் காலையில் செய்தித்தாள் வாங்குவதையும் தேநீர் அருந்துவதையும்கூட நிறுத்தினார் என்று அறிகிறோம். தொழில் முற்றிலும் கவிழ்ந்தால் அண்ணன் நில அளவையாளர் ஆவதென்றும், தம்பி இமயமலைச் சாரலில் தேயிலை பயிரிடச் செல்வதென்றும் பேசிக்கொண்டனராம். அவ்வாறு நிகழ்ந்திருந்தால் ஜார்ஜ் காட்பரி நம் நாட்டுத் தோட்டத் துரைகளுள் ஒருவராக மறைந்திருப்பார்! கடன்காரர் அனைவர்க்கும் முழுத்தொகையையும் தீர்க்கும் ஆற்றல் உள்ளவரையில்தான் கடை நடத்துவது, அது குறையும் என்று தெரிந்த அன்றே கதவை அடைப்பது என அவர்கள் உறுதி கொண்டிருந்தனர். சங்கத்தின் கட்டளை அவர்கள் கணக்கேட்டில் இவ்வாறு வேலை செய்தது. 1864ஆம் ஆண்டளவில் நட்டம் நின்று சிறிது ஆதாயம் தலைகாட்டிற்று.

அக்காலத்துக் கொக்கோவின் இயல்பை இங்குக் கூறுதல் வேண்டும். கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அதை அப்படியே பொடித்துக் கொதிநீரில் கலக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை மறைக்க உருளைக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி, வெல்லப்பாகு ஆகியவற்றைச் சேர்ப்பது எல்லாரும் கையாண்ட வழக்கம். காட்பரிகளும் அதற்கு விலக்கல்லர். நேர்மை தவறாத வணிகர் சிலர் செங்கற்பொடி கலக்கவில்லை என்பதே அன்றைய பெருமை! ஆலந்து நாட்டில் வான் ஹௌட்டன் குடும்பத்தார் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் பொறி ஒன்று வைத்திருந்தனர். டச்சு மொழியில் ஒரு சொல்லும் அறியாத ஜார்ஜ், அகராதியும் கையுமாகச் சென்று, சைகை காட்டிப் பேசியே அப்பொறியை வாங்கிவந்தார். 1866ஆம் ஆண்டில் கலப்பில்லாத கொக்கோப் பொடி காட்பரிப் பெயரில் வெளிவந்தது. மருத்துவ இதழ்கள் அதன் தூய்மையைப் பாராட்டின. உணவுக் கலப்படத்தைப் பற்றி நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். கலப்படத் தடைச் சட்டங்கள் 1872, 1875ஆம் ஆண்டுகளில் வந்தன. சட்டம் வருமுன்பே தூய பொருளோடு காத்திருந்தவர்க்குச் சந்தை தானே வந்து சேர்ந்தது. பிழிந்தெடுத்த கொக்கோ வெண்ணெயோ தின்னும் சாக்கலேட்டுக்கு மூலப்பொருள் ஆயிற்று.

ஜார்ஜ் ஞாயிறுதோறும் விடியுமுன் எழுந்து, பர்மிங்காமின் செவர்ன் தெருவில் இருந்த முதியோர் பள்ளிக்குச் சென்று, எழுத்தறியாத் தொழிலாளர்க்குப் பாடம் சொன்னார். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் இப்பணியைச் செய்தார்; முதிய வயதில் மிதிவண்டியில் சென்றார். அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட ஜோசப் ஸ்டர்ஜ் என்னும் குவேக்கர் 1845ஆம் ஆண்டில் நிறுவிய பள்ளி அது. இதனை நெஞ்சில் இருத்திக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன், பின்னர்ப் பயன்படும். மாணவர் வீடுகளுக்குச் சென்ற ஜார்ஜ், முற்றமும் காற்றும் இல்லாத சந்துகளில் குடும்பங்கள் நெருங்கிக் கிடப்பதைக் கண்டார். குடிப்பவனைத் திருத்துமுன் அவன் குடியிருக்கும் இடத்தைத் திருத்த வேண்டும் என்னும் எண்ணம் அங்கேதான் அவருக்கு வேரூன்றியது.

1879ஆம் ஆண்டில் சகோதரர்கள் தொழிற்சாலையை நகருக்கு வெளியே, நான்கு மைல் தொலைவில் இருந்த வயல்வெளிக்கு மாற்றினர். அருகே ஓடிய போர்ன் என்னும் சிற்றாற்றின் பெயரோடு பிரெஞ்சு மொழியில் ஊரைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துப் போர்ன்வில் என்று பெயரிட்டனர். பிரெஞ்சுச் சாக்கலேட்டுக்கு அன்று மதிப்பு மிகுதி. அறவோரும் வணிகத் தந்திரம் அறிந்தவரே! தொடக்கக் காலத்தில் வேலை தொடங்குமுன் தொழிலாளரும் முதலாளிகளும் சேர்ந்து விவிலியம் வாசித்து மௌனமாக அமர்வது வழக்கமாக இருந்தது. சனிக்கிழமை அரைநாள் விடுமுறையை முந்திக் கொடுத்தவர்களுள் இவர்களும் உண்டு. ஆடுகளம், நீச்சற்குளம், மருத்துவர், பிற்காலத்தில் ஓய்வூதிய நிதி என வசதிகள் பெருகின. மணமான பெண்களை வேலையில் வைத்துக்கொள்வதில்லை; மணமாகிச் செல்லும் பெண்ணுக்கு விவிலியமும் மலரும் பரிசாகத் தந்து அனுப்பினர். அப்பெண் பரிசைவிட வேலையையே விரும்பியிருப்பாளோ என்று கேட்க அன்று எவருக்கும் தோன்றவில்லை. 1879ஆம் ஆண்டில் இருநூற்றுச் சொச்சமாக இருந்த தொழிலாளர் தொகை இருபதாண்டுகளில் 2,600க்கு மேல் உயர்ந்தது.

1895ஆம் ஆண்டு முதல் ஜார்ஜ் தம் சொந்தப் பொருளைக் கொண்டு ஆலைக்கு அருகே ஊர் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டமும் பழமரங்களும் இருந்தன. ஆலையில் வேலை செய்யாதவர்க்கும் அங்கு வீடு உண்டு. மதுக்கடைக்கு மட்டும் இடமில்லை. 1900ஆம் ஆண்டில் 330 ஏக்கர் நிலத்தையும் அதில் எழுந்த 313 வீடுகளையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். பதினொரு மக்களைப் பெற்ற தந்தை அவர். முதல் மனைவி மேரி 1887ஆம் ஆண்டில் இறக்க, மறுமணம் செய்த எலிசபெத் அம்மையார் இவ்வறப்பணி அனைத்திலும் உடன் நின்றார். 1903ஆம் ஆண்டில் உட்புரூக் என்னும் தம் பழைய இல்லத்தையும் சமயக் கல்வி நிலையமாக்கினார். 1931ஆம் ஆண்டில் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள் தங்கிய இடங்களுள் அவ்வில்லமும் ஒன்று.

இதுவரை கூறியவற்றைக் கேட்போர், அறம் செய்தார், ஆதாயம் கண்டார் என்று கதையை முடித்துவிடலாம். நூல்கள் பலவும் அவ்வாறே முடிக்கின்றன. ஆயின் நூற்றாண்டு திரும்பும் தறுவாயில் சமயமும் தொழிலும் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்க நேர்ந்தது.

முதற் சோதனை சிறிது. தென்னாப்பிரிக்காவில் போயர்ப் போர் மூண்டபோது, படைவீரர்க்குப் புத்தாண்டுப் பரிசாகச் சாக்கலேட் அனுப்ப விக்டோரியா அரசியார் விரும்பினார். போரை ஏற்காத குவேக்கர் நிறுவனங்கள் மூன்றுக்கும் தருமசங்கடமாயிற்று. அரசியின் வேண்டுகோளை மறுக்கவும் இயலாமல், போரில் ஆதாயம் தேடவும் மனமில்லாமல், பெட்டியின்மேல் தம் பெயரைப் பொறிக்காமல் அனுப்ப முற்பட்டனர். 1901ஆம் ஆண்டில் ஜார்ஜ் டெய்லி நியூஸ் என்னும் நாளிதழை வாங்க முதல் தந்து, பின்னர் அதன் முழு உரிமையையும் ஏற்றார். போரை எதிர்த்தும், முதியோர்க்கு ஓய்வூதியம் வேண்டியும் அவ்விதழ் எழுதிற்று. குதிரைப் பந்தயச் செய்திகளையும் மது விளம்பரங்களையும் விலக்கியதால் பெருநட்டம் கண்டது. ஜார்ஜ் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் சோதனையே பெரிது. 1899ஆம் ஆண்டில் ரிச்சர்டு எருசலேமில் நோயுற்று மறைந்தபின், குடும்பத் தொழில் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று, ஜார்ஜ் தலைவரானார், இருவரின் மக்களும் இயக்குநர்களாயினர். அக்காலத்தில் காட்பரி வாங்கிய கொக்கோவில் ஏறத்தாழப் பாதி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் போர்த்துகீசியர் ஆண்ட சாந்தோமே, பிரின்சிப்பே என்னும் தீவுகளிலிருந்து வந்தது. 1901ஆம் ஆண்டில் ரிச்சர்டின் மகன் வில்லியம், அத்தீவுகளில் அடிமைகளே வேலை செய்கின்றனர் என்று கேள்வியுற்றார். அதே காலத்தில் விற்பனைக்கு வந்த ஒரு தோட்டத்தின் விவரப் பட்டியல் அவர் கைக்கு வந்தது. அதில் ஆடுமாடுகளோடு கூலியாட்களுக்கும் விலை போட்டிருந்தது. சட்டப்படி அவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஐந்தாண்டு முடிந்ததும் ஊர் திரும்பலாம். அங்கோலா நாட்டின் உட்பகுதியிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்ட அவர்களுள் ஊர் திரும்பியவர் இல்லை என்பதே உண்மை.

1787ஆம் ஆண்டில் அடிமை வணிகத்தை ஒழிக்க லண்டனில் அமைந்த குழுவின் பன்னிருவருள் ஒன்பதின்மர் குவேக்கர்கள். அம்மரபில் வந்தவர், ஸ்டர்ஜ் நிறுவிய பள்ளியில் ஞாயிறுதோறும் அமர்ந்தவர், என்ன செய்தார்?

விசாரித்தார்கள். 1903ஆம் ஆண்டில் வில்லியம் லிஸ்பன் சென்றார். சீர்திருத்தம் வருகிறது, பொறுத்திருங்கள் என்னும் பொருள்பட அங்கே விடை கிடைத்தது. 1905ஆம் ஆண்டில் ஜோசப் பர்ட் என்பவரை, போர்த்துகீசிய மொழி கற்கச்செய்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினர். அதற்குள் ஹென்றி நெவின்சன் என்னும் இதழாளர் அங்கோலாவிலும் தீவுகளிலும் நேரில் கண்டவற்றை எழுதி, 1906ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டுவிட்டார். பர்ட்டின் அறிக்கையும் அதனையே உறுதி செய்தது. பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை மேலும் பொறுக்கச் சொன்னது. போர்த்துகீசிய மொசாம்பிக்கிலிருந்து தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டமையால், போர்த்துகல்லைப் பகைக்க அத்துறைக்கு விருப்பமில்லை. வாங்குவோராக இருக்கும்வரைதான் நம் சொல்லுக்கு மதிப்பு, விலகிவிட்டால் வேறொருவர் வாங்குவார், அடிமைக்கு என்ன பயன் என்பது காட்பரிகளின் வாதம். அவ்வாதம் முற்றும் பொய்யன்று. ஆனால் அவ்வாண்டுகள் முழுவதும் தீவுக் கொக்கோ போர்ன்வில் ஆலைக்கு வந்துகொண்டேயிருந்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் படும் துன்பத்தை ஜார்ஜின் நாளிதழ் சினந்து எழுதிய ஆண்டுகளும் அவையே.

1908ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்டாண்டர்டு என்னும் எதிர்க்கட்சி நாளிதழ் இம்முரண்பாட்டை எள்ளி எழுதிற்று. காட்பரி நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. வில்லியம் நேரில் அங்கோலாவும் தீவுகளும் சென்று வந்தபின், 1909ஆம் ஆண்டு மார்ச்சில் குவேக்கர் நிறுவனங்கள் மூன்றும் தீவுக் கொக்கோவை அறவே விலக்கின. அவ்வாண்டின் இறுதியில் பர்மிங்காம் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பில் புகழ்பெற்ற வழக்கறிஞர் எட்வர்டு கார்சன் நின்று, உண்மை தெரிந்த நாள்முதல் வாங்குவதை நிறுத்திய நாள்வரை ஒவ்வோராண்டாக எண்ணிக்காட்டி வில்லியத்தைக் குறுக்கு விசாரணை செய்தார். காட்பரி நிறுவனம் அவதூறுக்கு ஆளானது உண்மையே என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. இழப்பீடு ஒரு பார்த்திங். ஒரு பென்னியில் கால்பங்கு! சட்டம் அவர்களுக்குச் சார்பாகவும், ஊரார் மனம் எதிராகவும் ஒரே நேரத்தில் பேசியதை இதனினும் சுருக்கமாக எழுத இயலாது.

அவர்களைக் கள்ளர் என்பது பொருந்தாது. கள்ளர் தம் செலவில் ஆளனுப்பி உண்மையைத் தேடித் தரமாட்டார். எனக்குத் தோன்றுவது வேறு. அனைவர் மனமும் ஒன்றும்வரை மௌனமாகக் காத்திருந்து முடிவு காண்பது நண்பர் சங்கத்தின் வழக்கம். எவன் உள்ளத்திலும் இறையொளி உண்டென்னும் நம்பிக்கை, போர்த்துகீசியத் தோட்ட முதலாளியின் மனமும் மாறும் என்று எண்ணச் செய்திருக்கலாம். கடையிலும் ஆலையிலும் கைகொடுத்த அதே பொறுமை, கப்பலில் விலங்கோடு வந்தவனுக்கு எட்டாண்டு அடிமைத்தனம் ஆயிற்று. பொறுமையின் விலையைப் பொறுத்தவர் கொடுக்கவில்லை. ஆதாயமும் கண்ணை மறைத்தது என்பவரை யான் மறுக்கமாட்டேன்.

அதன்பின் நிறுவனம் கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில், ஆப்பிரிக்க உழவர்கள் தம் சொந்த நிலத்தில் விளைத்த கொக்கோவை நாடியது. 1905ஆம் ஆண்டில் வெளிவந்த பாற்சாக்கலேட் வீடுதோறும் பரவிற்று. முதல் உலகப் போரில் ஜார்ஜின் மகன் லாரன்ஸ் ஆயுதம் ஏந்தாத ஆம்புலன்சுப் படையில் சேர்ந்தார். மற்றொரு மகன் எக்பர்ட் கடற்படையின் வானூர்தி வீரராகி, ஜெர்மானிய ஆகாயக் கப்பல்கள் இரண்டை வீழ்த்திப் புகழடைந்தார். தந்தையின் நெஞ்சில் எது பெருமிதம், எது துயரம் என்று பிரித்தறிவது எளிதன்று. அம்மகன் பின்னர்க் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். 1919ஆம் ஆண்டில் பிரை நிறுவனம் காட்பரியோடு இணைந்தது.

1922ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ஜார்ஜ் காட்பரி மறைந்தார். போர்ன்வில் பசும்புல் திடலில் பல்லாயிரவர் கூடி அஞ்சலி செலுத்தினர். குடும்பத்தார் மேலும் பல்லாண்டுகள் நிறுவனத்தை நடத்தினர். 1962ஆம் ஆண்டில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1969ஆம் ஆண்டில் ஷ்வெப்ஸ் நிறுவனத்தோடு இணைப்பு நிகழ்ந்தது. பங்குதாரர்க்கு நிறுவன இயக்குநர்கள் எவ்வாறு பொறுப்புடையோர் என்பது பற்றி 1992ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற அறிக்கை, ஜார்ஜின் பேரர் ஏட்ரியன் காட்பரியின் தலைமையில் உருவானது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிராப்ட் நிறுவனம் ஏறத்தாழ 1,150 கோடி பவுன் கொடுத்துக் காட்பரியை வாங்கியது. மூடமாட்டோம் என்று கூறிவந்த ஆலை ஒன்றை, வாங்கிய சில நாட்களிலேயே மூடப்போவதாக அறிவித்ததற்காக அந்நிறுவனம் கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. அந்த விற்பனையில் போர்ன்வில் ஊரின் வீடுகள் சேரவில்லை. அவை 1900ஆம் ஆண்டிலேயே குடும்பத்தின் கையைவிட்டு அறக்கட்டளைக்குப் போய்விட்டன.